பிளாஸ்டிக் என்று நீ சொன்ன பூச்சிகள்

அன்புள்ள மகனே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அன்பு எங்கேயும் போய்விடவில்லை, பயப்படாதே. ஆனால் இப்போது முன்னால் வந்து நிற்பது கோபம்தான், அது பேசி முடிக்கட்டும். போனில் சொல்லலாமே என்று உன் அப்பா சொன்னார். போனில் சொன்னால் "அம்மா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்பாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். காகிதத்தில் எழுதிக் கூரியரில் அனுப்பினால் குறுக்கே பேச உனக்கு வழி கிடையாது. பெங்களூரில் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து படித்தாலும் சரி, ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாலும் சரி, ஒரு வரி விடாமல் படி.

நேற்றுக் காலையில் உன் வருங்கால மாமியார் போன் செய்தார். நான் ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கும் ஒரு அம்மாவுக்குக் குர்தா தைத்துக்கொண்டிருந்தேன், வாயில் குண்டூசி. நிச்சயம் அவர்கள் வீட்டிலேயே முடிந்துவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டைப் பார்க்க எத்தனை பேர் வருகிறார்கள், பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்ப முடியுமா என்றெல்லாம் பேசிவிட்டு, கடைசியில் சொன்னார்: "சம்மந்தி, அன்னைக்கு வீடியோ கால்ல உங்க பின்னாடி செவுத்துல பூச்சிப் பெட்டி மாட்டியிருந்துச்சே, அது பிளாஸ்டிக்காமே. மாப்ள சொன்னாரு. நெசப் பூச்சி மாதிரியே பண்ணியிருக்காங்க. எந்தக் கடையில வாங்கினீங்க? எங்க ஹாலுக்கும் ஒண்ணு வாங்கணும்." வாயில் இருந்த குண்டூசியை நான் விழுங்காமல் இருந்தது என் அதிர்ஷ்டம். மெஷினில் துணி மாட்டிக்கொண்டது, அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்தேன். மெஷின் சும்மாதான் இருந்தது. உன்னால் நானும் ஒரு பொய் சொன்னேன்.

பிளாஸ்டிக். அதைச் சொல்லும்போது உனக்கு வாய் கூசவில்லையா? அந்தப் பெட்டிகளில் இருக்கும் ஒவ்வொன்றும் எந்தக் கம்பத்தடியில், எந்தச் செடி மூட்டில், எந்த மாதத்தில் கிடைத்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் நான் சொல்வேன். அதைப் போய்க் கடையில் வாங்கிய பொம்மை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். அதுவும் யாரிடம்? நாளைக்கு நம் வீட்டுக்கு வாழ வரப்போகிற பெண்ணின் அம்மாவிடம்.

எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு மறந்திருக்கும், அல்லது மறந்த மாதிரி இருப்பாய். நான் ஞாபகப்படுத்துகிறேன். நீ மூன்றாவது படிக்கும்போது எவனோ ஒருவன் கொடுத்தான் என்று ஒரு பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்தாய். வேலம் இலையைக் கிள்ளிப் போட்டு, முட்டை போடும் என்று அரைமணிக்கு ஒருதரம் திறந்து திறந்து பார்த்தாய். நாம் சமணக் குடும்பம். கண்ணுக்குத் தெரியாத உயிர் வாய்க்குள் போய்விடக் கூடாது என்று தண்ணீரைத் துணி கட்டி வடிகட்டுகிற வீடு. விளக்கு வைத்த பிறகு சாப்பிட்டால் தட்டில் ஏதாவது விழுந்துவிடும் என்று பகலிலேயே சாப்பிட்டு முடிக்கிற வீடு. அந்த வீட்டில் தீப்பெட்டிக்குள் ஒரு உயிர் கால் பிராண்டுகிற சத்தம் கேட்டால் உன் அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்? எடுத்துக்கொண்டு போய் வேலி ஓரத்தில் விட்டுவிட்டார். நீ தரையில் புரண்டு புரண்டு அழுதாய். பச்சையும் பொன்னுமாக அது அவ்வளவு அழகாக இருந்தது என்று விக்கிக்கொண்டே சொன்னாய். அழகாக இருந்தது என்பதை நானும் பார்த்திருந்தேன். அதனால் ஒரு வழி சொன்னேன். "உசுரோட இருக்கறதத் தொடக்கூடாது. செத்துக் கெடந்தா எடுத்துக்கோ. நீ சாவடிக்கக் கூடாது. இது எப்ப சாவும்னு பக்கத்துல காத்துக்கினு நிக்கவும் கூடாது." நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செத்தது எங்கம்மா கெடைக்கும்?" என்று கேட்டாய்.

செத்தது கிடைக்க இந்த ஊரில் என்ன பஞ்சம். கிரிவலப் பாதை முழுக்க உயர உயரமாக விளக்கு. விடிய விடிய எரியும். மலையில் இருக்கிற அந்துப்பூச்சி எல்லாம் அதைச் சுற்றிச் சுற்றியே களைத்து விழும். பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் போனால், ஜனங்கள் விட்டுப்போன காகிதத் தட்டு, தண்ணீர் பாட்டில், பூச்சரம், அதற்கு நடுவில் இவை. துடைப்பக்காரர்கள் வருவதற்கு முன்னால், மைனாக்கள் இறங்குவதற்கு முன்னால் போக வேண்டும். அப்பா உன்னை சைக்கிளில் உட்கார வைத்து அழைத்துக்கொண்டு போவார். நீ ஒரு பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டு போவாய். அரளிச் செடியில் வளருமே, பச்சைப் பட்டுப் புடவை மாதிரி, அந்தப் பூச்சி முதன்முதலில் கிடைத்த அன்று தெருமுனையிலிருந்தே "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டு வந்தாய். செங்கம் ரோட்டில் வண்டியில் அடிபட்ட பட்டாம்பூச்சியை லாரிக்குக் குறுக்கே போய் எடுக்கப் பார்த்து என்னிடம் அடி வாங்கினாய். என் தையல் பெட்டியிலிருந்து குண்டூசி, எலக்ட்ரிக் கடைக்காரர் தூக்கிப் போட்ட தெர்மாகோல், சாமி படத்துக்குச் சட்டம் போடுகிறவரிடமிருந்து கண்ணாடி. பெட்டி பெட்டியாகச் சேர்ந்தது. இறக்கை கிழிந்தது, உணர்கொம்பு ஒடிந்தது, ஒரு கால் இல்லாதது, எல்லாம் அதில் உண்டு. முழுசாக இருப்பதற்காக நீ ஒன்றைக்கூடக் கொல்லவில்லை. அதை நான் எந்தச் சாமி முன்னாலும் சொல்வேன்.

இப்போது நீ படிக்க விரும்பாத இடத்துக்கு வருகிறேன். பக்கத்தைப் புரட்டிவிடாதே. நீ எட்டாவது படித்த வருஷம், மார்கழி. அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை டியூப்லைட்டுக்குக் கீழே கிடந்தது என்று ஒரு பெரிய பூச்சியைக் கொண்டுவந்தாய். முதுகில் மண்டை ஓடு வரைந்த மாதிரி இருக்குமே, எள்ளுச் செடியில் புழுவாக வளருகிறது, அது. விறைத்துக் கிடந்தது. உன் உள்ளங்கை முழுக்க இருந்தது. நான் ஜாக்கெட் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். நீ எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து தெர்மாகோலில் வைத்துக் குண்டூசியைக் குத்தினாய். கீச் என்று ஒரு சத்தம். எலிக்குஞ்சு கத்துகிற மாதிரி. நீ எலி என்று நினைத்து மேஜைக்கு அடியில் பார்த்தாய். மறுபடியும் கீச் என்றது. அப்போதுதான் நாம் இரண்டு பேரும் பார்த்தோம். ஊசியோடு சேர்ந்து இறக்கையை அடித்துக்கொண்டு, தெர்மாகோலையே தூக்கிக்கொண்டு எழும்பப் பார்த்தது.

நீதான் ஊசியைப் பிடுங்கினாய். கொல்லையில் கறிவேப்பிலைச் செடி நிழலில் கொண்டுபோய் வைத்தாய். பக்கத்திலேயே உட்கார்ந்தாய். காலையில் பள்ளிக்கூடம் போகவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு வரவில்லை. எறும்பு வந்தால் ஊதி ஊதித் தள்ளினாய். நான் இரண்டு தரம் வந்து கூப்பிட்டேன், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. சாயங்காலம் அது அடங்கிய பிறகு உள்ளே வந்தாய். பொழுது போய்விட்டிருந்தது, அன்றைக்கு முழுக்க உனக்குச் சாப்பாடு இல்லை. சமையல் கட்டு வாசலில் நின்று, "பூச்சி கத்துமாம்மா? அது கத்துச்சும்மா" என்று சொன்னாய். நான் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "தெரியாம நடந்துபோச்சு. குளுருக்கு வெறச்சுக் கெடந்திருக்குது, நமக்குத் தெரியல. இனிமே ஒரு நாள் முழுக்க வெயில் படற எடத்துல வெச்சுப் பாக்கலாம். அப்பவும் அசையலன்னா குத்தலாம்." நீ தலையாட்டினாய். அதற்குப் பிறகு நீ குண்டூசியைத் தொடவே இல்லை. பெட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேட்டால், பரீட்சை இருக்கிறது என்றாய்.

சரி, உன் இஷ்டம். ஆனால் உன் மண்டையில் இது ஒருநாளாவது உறைத்ததா: நீ விட்ட பிறகு பெட்டி எப்படி ஜாஸ்தியானது? நீ விட்டபோது மூன்றோ நாலோ இருந்தது. இப்போது ஹால் சுவர் முழுக்க இருக்கிறது. பொங்கலுக்கு வருகிறாய், தீபத்துக்கு வருகிறாய், சோபாவில் படுத்துக்கொண்டு அந்தச் சுவருக்கு எதிரிலேயே போனைப் பார்க்கிறாய். புதிதாக ஒன்று இருக்கிறதே, இதை யார் மாட்டினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாயா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான்தான்டா. உன் அம்மாதான். காலையில் வாசல் தெளித்துவிட்டுப் பாதைக்குக் கிளம்புகிறேன். "நயினாரம்மாவும் கிரிவலம் சுத்த ஆரம்பிச்சுட்டாங்க" என்று, சமண வீட்டுக்காரி மலை சுற்றுவதைப் பார்த்து எதிர் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நடைக்கு நடையும் ஆச்சு. கம்பம் கம்பமாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போவேன். டீக்கடைக்காரர் "அம்மா, உங்களுக்கு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்" என்று கிளாஸைக் கவிழ்த்து மூடி வைத்திருப்பார். கிளாஸ் போட்டு மூடாதீங்க, உயிர் இருந்தால் மூச்சு முட்டும் என்று அவருக்குச் சொல்லிச் சொல்லி இப்போதுதான் பழக்கியிருக்கிறேன்.

கொண்டுவந்ததை ஜன்னல் ஓரத்தில் செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியில், மூடி இல்லாமல், ஒரு பகல் முழுக்க வைப்பேன். சிலது வெயில் ஏற ஏற உடம்பை உதறும். இறக்கை விறுவிறு என்று நடுங்கும். அப்புறம் எழுந்து போய்விடும். உன் அப்பா பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "போச்சா? உன் கலெக்சன்ல ஒண்ணு கம்மி" என்பார். கம்மியானால் எனக்குச் சந்தோஷம்தான். எழாததை மட்டும் மறுநாள் எடுத்து இறக்கையைப் பிரித்து வைப்பேன். செத்ததைத் தொடுகிறாளே என்று உன் பெரியம்மாவுக்கு அருவருப்பு. தொட்டால் குளித்துவிட்டுப் போகிறேன், அவளுக்கென்ன. ஒரு அந்துப்பூச்சி இறக்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாயா? சாம்பல் நிறம் என்று தூரத்திலிருந்து சொல்வோம். கிட்டப் பார்த்தால் அதில் ஊதா, செம்மண், வெண்ணெய், கரி, எல்லாம் கரை கட்டி ஓடும். வாழ்நாள் முழுக்கத் துணியோடு கிடப்பவள் சொல்கிறேன், அந்த மாதிரி ஒரு கரையை எந்தத் தறியிலும் நான் பார்த்ததில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்கு மேல் எனக்குக் காரணம் வேண்டியதில்லை. என் பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்ல நீ யார்?

அந்த வீடியோ கால் முடிந்த அன்றைக்கே எனக்குப் போன் செய்தாய். "அந்தப் பூச்சிப் பெட்டிங்களையெல்லாம் எடுத்துப் போட்டுடும்மா. அவங்க நம்மள வுட ஆச்சாரம் பாக்கறவங்க. செவுரு முழுக்க குத்தி வெச்சிருக்கறதப் பார்த்தா கொலகாரக் குடும்பம்னு நெனச்சுக்குவாங்க" என்றாய். கொன்று வைத்ததா என்று கேட்டால் இல்லை என்று சொல்வோம், அதில் என்ன கஷ்டம் என்றேன். "யாரும்மா நம்புவாங்க?" என்றாய். நான் எடுக்க மாட்டேன் என்றேன். சரி, விடு என்றாய். விட்டுவிட்டாய் என்று நினைத்தேன். பெற்ற பிள்ளை ஆயிற்றே, முகத்துக்கு நேரே ஒன்றும் முதுகுக்குப் பின்னால் ஒன்றும் செய்வான் என்று எந்த அம்மா நினைப்பாள்?

நானும் அப்பாவும் பத்திரிகை வைக்க வந்தவாசிப் பக்கம் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். அந்த நாளைத் தெரிந்துகொண்டு கீழ்பென்னாத்தூரிலிருந்து உன் சித்தப்பாவை வண்டியோடு வரச் சொல்லியிருக்கிறாய். அவரிடம்தான் ஒரு சாவி இருக்கிறதே. நாங்கள் திரும்பி வந்து கதவைத் திறந்தால் ஹால் சுவர் மொட்டையாக இருக்கிறது. ஆணிகள் மட்டும் நிற்கின்றன. பெட்டி இருந்த இடமெல்லாம் வெள்ளையாக, சுற்றிலும் அழுக்கு மஞ்சள். திருடன் வந்துவிட்டான் என்று அப்பா பீரோவைத் திறந்து பார்க்கிறார். பீரோவில் எல்லாம் அப்படியே இருக்கிறது. எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது.

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். எடுத்ததுமே ஒப்புக்கொண்டார். "இன்னா அண்ணி பண்றது, அவன்தான் ராத்திரியோட ராத்திரியா நிலத்துல போட்டுக் கொளுத்திடு சித்தப்பான்னான். கல்யாண வூட்டுல சண்டை வேணாம்னு நானும் ஏத்தியாந்துட்டேன்." கொளுத்தியாச்சா என்று கேட்டேன். "இல்ல அண்ணி. வேர்க்கடலைக் கொடியெல்லாம் அடியில போட்டு, மேல அடுக்கி, தீப்பெட்டியும் எடுத்துட்டேன். ஒரு பெட்டி மட்டும் கண்ணாடி வுட்டிருந்துச்சு. எட்டிப் பார்த்தா உள்ள ஏதோ நெளியுது. மயிர் மயிரா சின்னச் சின்னப் புழு. உசுரோட இருக்குது அண்ணி. எப்படிப் பத்த வெக்கறது? அதுங்க வெளிய போவட்டும்னு பார்த்துக்கினு குந்தினு இருந்தேன், போவல. அப்புறம் எல்லாத்தையும் கொட்டாயிலேயே ஏத்தி வெச்சுட்டேன்."

அந்தப் பெட்டி எனக்குத் தெரியும். செத்த பூச்சியைத் தின்கிற புழு அது. எவ்வளவு வசம்பு வைத்தாலும் ஒரு பெட்டியில் புகுந்துவிட்டது. மருந்தடித்துக் கொல்ல எனக்கு மனசு இல்லை. அந்தப் பெட்டியை அதுகளுக்கே விட்டுவிட்டு, மற்றவற்றிலிருந்து தள்ளிப் பரண்மேல் வைத்திருந்தேன். உன் சித்தப்பா அதையும் விடாமல் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். நல்லதாகப் போயிற்று. மறுநாள் அவரே வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். ரோட்டில் குலுங்கியதில் இரண்டு பெட்டியில் இறக்கை எல்லாம் உதிர்ந்து பொடியாகிக் கிடக்கிறது. அந்தப் பச்சைப் பட்டும் போயிற்று. மிச்சத்தைத் திரும்ப ஹாலில் மாட்டினேன். அப்போதுகூட உனக்கு நான் போன் செய்து திட்டவில்லை. கல்யாண வீடு, வாயை மூடிக்கொண்டிருப்போம் என்று இருந்தேன். நீயும் ஒன்றும் நடக்காத மாதிரி, ஜவுளி எடுத்தாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

கொளுத்திடு என்று சொன்னாயே, அது உன் வாயில் எப்படி வந்தது? எறும்பை ஊதித் தள்ளிய பிள்ளை. ஒரு பூச்சிக்காகப் பட்டினி கிடந்த பிள்ளை. உன் சித்தப்பா அவ்வளவு விவரமானவர் இல்லை என்று நீ கேலி செய்வாய். அவர் கை நின்ற இடத்தில் உன் கை நிற்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. பெட்டி போனால் போகட்டும், இன்னும் பத்து வருஷம் நடந்து சேர்த்துக்கொள்வேன். நீ இப்படி ஆகிவிட்டாயே.

பொய் சொல்லிக் கல்யாணம் செய்வது உங்கள் வம்சத்திலேயே இருக்கிறது போலிருக்கிறது. உன் அப்பா என்னைப் பெண் பார்க்க மோட்டார் பைக்கில் வந்தார். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்து, மாப்பிள்ளை பைக் ஓட்டுகிறவர் என்று எங்கள் தெருவே பேசியது. மறுவீட்டுக்கு வந்தபோது என் அண்ணன் ஆசையாகத் தன் வண்டியைக் கொடுத்து, "மாப்ள, ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க" என்றார். இவர் ஏறினார். வண்டி நேராக ஏரிக்கரையிலிருந்து இறங்கி நெல் வயலில் போய் நின்றது. அப்புறம்தான் தெரிந்தது, பெண் பார்க்க வந்த அன்று வண்டியைத் தெருமுனைவரைக்கும் ஓட்டிவந்தது அவருடைய நண்பர், முனையிலிருந்து இவர் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியிருக்கிறார். இன்றைக்குச் சொல்லிச் சிரிக்கிறோம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவர் எதைச் சொன்னாலும் எனக்குச் சந்தேகம். பஸ் கிடைக்கவில்லை, அதனால் லேட் என்பார். நிஜமாகவே கிடைத்திருக்காது. நான் நம்ப மாட்டேன். ஒரு பைக்குக்காக அந்த மனுஷன் சொன்ன நிஜத்தையெல்லாம் நான் பொய்யாக்கினேன். நீ அதே மாதிரி ஒரு வாழ்க்கையை ஆரம்பிக்கப் போகிறாயா? பிளாஸ்டிக் என்று சொன்னதைக் காப்பாற்ற நாளைக்கு இன்னொன்று சொல்வாய். அதைக் காப்பாற்ற என்னையும் அப்பாவையும் சொல்லச் சொல்வாய். நாங்கள் சொல்ல மாட்டோம்.

அதனால்தான் உன் மாமியார் போனை வைத்த பிறகு, நான் அந்தப் பெண்ணையே கூப்பிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவை நிஜப் பூச்சிகள், ஒன்றும் கொன்றதில்லை, ஆரம்பித்தது நீ, இப்போது சேர்ப்பது நான், உன் கையால் தெரியாமல் ஒன்று செத்தது, அது கத்தியது, அதோடு நீ விட்டுவிட்டாய் என்று ஒன்று விடாமல் சொன்னேன். நிச்சயத்தை முறித்துவிடுவார்கள் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்புறம் மெல்லக் கேட்டாள், "அத்தை, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?" சொல்லும்மா என்றேன்.

"எனக்குப் பூச்சின்னாலே பயம் அத்தை. உசுரோட இருந்தாலும் பயம், செத்துக் கெடந்தாலும் பயம். பிளாஸ்டிக்னு அவரு சொன்ன பிறகும் பயமாத்தான் இருந்துச்சு. அந்த ஹால்ல எப்படிப் போயி உக்காருவேன்னு அன்னையிலேருந்து அதே நெனப்பு. யார்கிட்டயும் சொல்லல. நீங்க கொன்னீங்களான்னு நான் கேக்கல. நீங்க இல்லன்னு சொன்னா இல்லதான். ஆனா தூக்கிப் போட்டுடாதீங்க அத்தை. உங்க ரூம்ல மாட்டிக்குங்க. ஏதாவது வேணும்னா நான் கதவத் தட்டிட்டு வெளியவே நிக்கறேன்."

இந்த ஒரு வாரத்தில் நான் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். எனக்கு அவளை அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது. பயம் என்று ஒரு வார்த்தை. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள் பார். இன்னும் இந்த வீட்டு வாசற்படிகூட மிதிக்கவில்லை, மாமியாராக வரப்போகிறவளிடம் சொல்கிறாள். நீ பெற்ற அம்மாவிடம் அதைச் சொல்ல முடியாமல் இத்தனை வருஷம் பரீட்சை என்றாய், ஆச்சாரம் என்றாய், பிளாஸ்டிக் என்றாய், கொளுத்து என்றாய். அவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதெல்லாம் சும்மா. அந்தச் சுவரைப் பார்த்தால் உனக்கு இன்னும் அந்தச் சத்தம் கேட்கிறது. அது எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா?

போனை வைப்பதற்கு முன்னால் அவள் ஒன்று கேட்டாள். "அந்தப் பூச்சி கத்துச்சே, அப்புறம் அவரு இன்னா பண்ணாரு?" சொன்னேன். கறிவேப்பிலைச் செடி, எறும்பு, சாயங்காலம்வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, சாப்பிடாதது, எல்லாம். அழுதாளோ என்னவோ, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "இத ஏன் அத்தை அவரு என்கிட்ட சொல்லல? எனக்கு இதத்தானே சொல்லியிருக்கணும்" என்றாள். எனக்குப் பதில் தெரிந்தும் சொல்லவில்லை. அது என் வாயால் அவள் கேட்க வேண்டியது இல்லை.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறி வா. ஹாலில் இருக்கும் பெட்டிகளை நீ உன் கையால் இறக்கு. என் தையல் ரூமில் நீ உன் கையால் மாட்டு. அந்தப் பெண் பயப்படுகிறாள் என்பதற்காக என் பெட்டிகள் இடம் மாறலாம், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உன் பொய்க்காக ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அம்மா அந்தப் பிளாஸ்டிக் எங்கே என்று கட்டாயம் கேட்பார். அப்போது நானும் அப்பாவும் வாயைத் திறக்க மாட்டோம், உன் முகத்தைத்தான் பார்ப்போம். அதற்கு முன்னால், இதைப் படித்து முடித்த கையோடு, மீட்டிங் இருந்தாலும் சரி, எழுந்து வெளியே போய் அவளைக் கூப்பிடு. நீயாகச் சொல்லட்டும் என்று நேற்றிலிருந்து அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பாள்.

உன் அம்மா